ஸ்லைடு பழுப்பாகிறது: வெள்ளி அயனிப் பரிமாற்றத்தில் தவறு எங்கே?

சோடியம்23:

வணக்கம். முதுநிலை ஆய்வுப்பணிக்காக அயனிப் பரிமாற்ற முறையில் (கண்ணாடியிலுள்ள சோடியம் அயனியை எடுத்து, உருகிய உப்பிலுள்ள அயனியை அந்த இடத்தில் வைப்பது) கண்ணாடியில் வேவ்கைடு, அதாவது ஒளியை உள்ளேயே பிடித்து நடத்தும் பாதை, செய்து பார்க்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

செய்தது இதுதான். சாதாரண மைக்ரோஸ்கோப் ஸ்லைடு. அசிட்டோன், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், டிஐ வாட்டர் (அயனி நீக்கிய நீர்) என்று வரிசையாகக் கழுவி உலர்த்தினேன். சிலிக்கா க்ரூசிபிளில் தூய வெள்ளி நைட்ரேட்டை உருக்கி, ஃபர்னஸை 280 டிகிரி செல்சியஸில் நிறுத்தினேன். ஸ்லைடை இரும்புக் கம்பியால் கட்டி உப்புக்குள் இறக்கி 2 மணி நேரம் விட்டேன். ஆறவைத்துக் கழுவினால் ஸ்லைடு தேன் நிறத்தில் இருக்கிறது. கம்பி தொட்ட இடத்தில் கரும்பழுப்புக் கோடு. ப்ரிஸம் வைத்து ஹீலியம்-நியான் லேசரை உள்ளே விட்டால், சிவப்புக் கோடு ஒரு சென்டிமீட்டருக்குள் மங்கி அணைந்துவிடுகிறது. அடுத்ததை 1 மணி நேரம் மட்டும் வைத்தேன். நிறம் கொஞ்சம் வெளிறியது, கோட்டின் கதி மாறவில்லை.

ஆனால் நேற்று ஒரே ஒரு ஸ்லைடில் கோடு பாதி நீளம் வரை ஓடியது. அதே டப்பா, அதே உப்பு, அதே வெப்பநிலை. என்ன வித்தியாசம் என்று பிடிபடவில்லை. வெப்பநிலையைக் குறைத்தால் சரியாகுமா?

உப்புக்குளியல்:

வெப்பநிலையைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. நேற்றைய அந்த ஸ்லைடில் ப்ரிஸத்தை எந்தப் பக்கம் வைத்தீர்கள்?

சோடியம்23:

எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை அண்ணா. இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

உப்புக்குளியல்:

ஒன்றில்லை. பல ஸ்லைடுகள் ஃப்ளோட் கண்ணாடியிலிருந்து வெட்டியவை. பில்கிங்டன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1959-ல் அறிவித்த முறை அது: உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குவது. மிதக்கும்போது கீழ்ப்பக்கம் வெள்ளீயத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஒளிவிலகல் எண்ணிலும் பெரிதாகத் தெரியாது. வெள்ளி அயனி உள்ளே நுழையும்போதுதான் தெரியும். இரண்டு எலக்ட்ரானை இழந்த நிலையில் இருக்கும் வெள்ளீயம் இன்னும் இரண்டை இழக்கத் தயாராக நிற்கிறது. அதை வெள்ளி வாங்கிக்கொண்டு உலோக அணுவாகிவிடுகிறது. உங்கள் தேன் நிறம் அங்கிருந்து வருகிறது.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, இருட்டு அறை. விளக்கைச் சாய்வாகப் பிடித்து ஒரு பக்கம் பாருங்கள், பிறகு ஸ்லைடைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளீயப் பக்கம் பால் கலங்கின மாதிரி வெளிறி ஒளிரும். மறுபக்கம் சும்மா இருட்டாக இருக்கும். கண்ணாடி இந்த அலைநீளத்தை உறிஞ்சிவிடும் என்பதால், விளக்கு படும் முகத்தை மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்று நம்பலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த விளக்கைப் பார்க்காதீர்கள், கையும் மூடியிருக்கட்டும்.

அடையாளம் கண்டதும் வைரப் பேனாவால் ஒரு மூலையில் சின்னக் கீறல் போட்டுவிடுங்கள். மார்க்கர் மை உப்புக்குளியலுக்குள் போகக் கூடாது.

முப்பட்டகம்:

மேலே சொன்னது சரி. ஆனால் தம்பி, வெள்ளீயத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பழுப்பைப் பார்த்தவுடன் எல்லோரும் "வெள்ளி அதிகமாகிவிட்டது, சூடு அதிகமாகிவிட்டது" என்றுதான் யோசிக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் யோசித்து உப்பையும் நேரத்தையும் வீணாக்கினேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு: வெள்ளிக்கு எலக்ட்ரானை யார் கொடுத்தார்கள்?

அயனியாக இருக்கும் வரை வெள்ளிக்கு நிறமே கிடையாது. கண்ணாடியில் சோடியம் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒளிவிலகல் எண்ணை மட்டும் உயர்த்தும்; அந்த உயர்வுதான் ஒளியை உள்ளே பிடித்து வைக்கிறது. ஓர் எலக்ட்ரான் கிடைத்ததும் அணுவாகிறது. சூட்டில் அணுக்கள் நகர்ந்து ஒன்று சேர்ந்து சில நானோமீட்டர் உருண்டைகளாகின்றன. அந்த உருண்டைகள் 410, 420 நானோமீட்டர் பக்கம் நீல ஒளியை வலுவாக விழுங்கும். நீலம் போனால் மிச்சம் மஞ்சள். ஐரோப்பியத் தேவாலய ஜன்னல்களில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காணும் மஞ்சள் இதே வேதியியல்தான். வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடி மேல் பூசிச் சுட்டார்கள், வெள்ளி உள்ளே போய் உருண்டையானது. அவர்கள் வேண்டி அழைத்த நிறத்தைத்தான் நாம் விரட்டப் பார்க்கிறோம்.

உங்கள் செய்முறையில் எலக்ட்ரான் கொடுப்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று, வெள்ளீயப் பக்கம். இரண்டு, அந்த இரும்புக் கம்பி. தொட்ட இடத்தில் கரும்பழுப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கம்பியைக் காய்ச்சிச் சுத்தம் செய்தாலும் பயனில்லை, இரும்பு இரும்புதான். குவார்ட்ஸ் கொக்கிக்கு மாறுங்கள். மூன்று, கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் இரும்பு அசுத்தமும், குமிழி போக்குவதற்காக உற்பத்தியாளர் சேர்க்கும் ஆர்சனிக், ஆன்டிமனி வகைகளும். இதை நீங்கள் மாற்ற முடியாது, வேறு கண்ணாடிதான் வாங்க வேண்டும். ஷாட் நிறுவனத்தின் பிஜிஜி31 போன்ற கண்ணாடிகளை வெள்ளிப் பரிமாற்றத்துக்கென்றே உருவாக்கியது இந்தக் காரணத்தால்தான். நான்கு, ஸ்லைடில் ஒட்டியிருக்கும் கைரேகை, பேப்பர் நார், காயாத அசிட்டோன். கரிமப் பொருள் எதுவானாலும் எலக்ட்ரான் கொடுத்து வெள்ளியை உலோகமாக்கிவிடும்.

பொட்டாசியம்_பக்கம்:

எல்லாம் சரி. ஆனால் முதல் வேவ்கைடை வெள்ளியில் ஏன் தொடங்க வேண்டும்? பொட்டாசியம் நைட்ரேட்டில் தொடங்குங்கள். பொட்டாசியத்தை உலோகமாக்க உங்கள் கம்பியாலும் முடியாது, வெள்ளீயத்தாலும் முடியாது. பழுப்பு என்ற பேச்சே வராது.

கணக்கும் எளிது. சோடா-லைம் கண்ணாடியில் பொட்டாசியம் தரும் ஒளிவிலகல் எண் உயர்வு 0.009 பக்கம். தூய வெள்ளி நைட்ரேட் தருவது கிட்டத்தட்ட 0.09, பத்து மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு உயர்வில் 5 மைக்ரான் ஆழம் போனாலே சிவப்பு ஒளிக்கு 10 மோடு (வேவ்கைடுக்குள் ஒளி ஓடக்கூடிய தனித்தனி வடிவங்கள்) வந்து நிற்கும். அதை வைத்து என்ன செய்வீர்கள்?

பொட்டாசியத்துக்கு, ஒளிவிலகல் எண் கௌஸியன் (மணி) வடிவில் இறங்குகிறது என்று வைத்து டபிள்யூகேபி (WKB) என்ற தோராயக் கணக்கு முறையில் போட்டுப் பாருங்கள். 632.8 நானோமீட்டரில் ஆழம் 1.15 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் ஒரு மோடும் நிற்காது. 2.7 மைக்ரானைத் தாண்டினால் இரண்டாவது மோடு வந்துவிடும். ஒற்றை மோடு வேண்டுமென்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள். 1550 நானோமீட்டருக்கு இதே எல்லைகள் 2.8, 6.6 மைக்ரான் என்று ஆகும். ஆழம் என்று நான் சொல்வது, உயர்வு மேற்பரப்பில் இருப்பதில் சுமார் 37 சதவீதமாக இறங்கும் இடம்.

எவ்வளவு நேரம் என்று அடுத்து கேட்பீர்கள். ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். பாதி ஆழம் வேண்டுமென்றால் கால்வாசி நேரம். என் ஃபர்னஸில் 385 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தபோது சிவப்புக்கு இரண்டு மோடு வந்தது. அதிலிருந்து கணக்கிட்டு 1 மணி நேரம் வைத்தேன், ஒற்றை மோடு. உங்கள் ஃபர்னஸ் காட்டும் எண்ணை நம்பாமல் உங்கள் கண்ணாடியிலேயே ஒரு முறை அளந்துவிடுங்கள். பரவல் வெப்பநிலையோடு அடுக்கு வேகத்தில் ஏறும். 10 டிகிரி தவறினாலே கணக்கு கெட்டுப்போகும். தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) உப்புக்கு மேலே காற்றில் தொங்கக் கூடாது, உறையோடு உப்புக்குள் இருக்க வேண்டும்.

அலைமுகம்:

பொட்டாசியத்துக்கு ஆதரவாகச் சொன்னதில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. சோடியம் அயனியின் ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியம் 1.33. சின்ன இருக்கையில் பெரிய ஆளை உட்கார வைக்கிறோம். மேற்பரப்பு முழுதும் அமுக்க அழுத்தத்தில் நிற்கிறது. 1962-ல் கிஸ்ட்லர் என்ற ஆய்வாளர் காட்டியது இதைத்தான், செல்போன் கண்ணாடியை உறுதியாக்குவதும் இதைத்தான். வலிமைக்கு வரம். வேவ்கைடுக்கு? டிஇ, டிஎம் (மின்புலம் மேற்பரப்புக்கு இணையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இரண்டு முனைவாக்கங்கள்) இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் உயர்வு வேறுவேறாகிவிடுகிறது, 0.001 அளவுக்கு. உயர்வே மொத்தம் 0.009 என்னும்போது அது சின்ன வித்தியாசம் அல்ல. ஒரு முனைவாக்கத்தை மட்டும் வைத்து வேலை செய்பவருக்குக் கவலையில்லை. ஃபைபரிலிருந்து எந்த முனைவாக்கத்தில் வரும் என்று தெரியாத ஒளியைப் பிரிக்க வேண்டியவருக்கு அது பெரிய தலைவலி.

வெள்ளியில் ஒளிவிலகல் எண் ஏறுவது பெரும்பாலும் மின்முனைவுத்திறனால். சோடியத்தின் எலக்ட்ரான் மேகம் இறுக்கமானது, வெள்ளியுடையது ஒளியின் புலத்துக்கு எளிதாக அசைந்து கொடுக்கும். அழுத்தம் குறைவு, அதனால் டிஇ-டிஎம் வித்தியாசமும் குறைவு. வெள்ளியை ஓரம் கட்டிவிடாதீர்கள்.

கைவிட வேண்டியது தூய வெள்ளி நைட்ரேட்டை மட்டும்தான். சோடியம் நைட்ரேட்டில் நீர்த்துப் பயன்படுத்துங்கள். 100 கிராம் சோடியம் நைட்ரேட்டுக்கு 2 கிராம் வெள்ளி நைட்ரேட் போட்டால் 1 மோல் சதவீதம். ஆனால் உப்பில் 1 சதவீதம் என்பதால் கண்ணாடி மேற்பரப்பிலும் 1 சதவீதம் என்று எண்ண வேண்டாம். கண்ணாடிக்கு வெள்ளி மேல் பிரியம் அதிகம், உப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு விகிதத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். மோடு எண்ணிக்கையை மேலும் குறைக்க வேண்டுமென்றால் 0.1 சதவீதத்துக்கு இறங்குங்கள். அவ்வளவு நீர்த்தால் இன்னொரு சங்கதி: ஸ்லைடு உறிஞ்ச உறிஞ்ச உப்பில் வெள்ளி குறைந்துகொண்டே போகும். முதல் ஸ்லைடும் பத்தாவது ஸ்லைடும் ஒரே மாதிரி வராது.

சோடியம் நைட்ரேட் உருகுவது 308 டிகிரியில், ஆக 320-லிருந்து 330 வரை வைத்துக்கொள்ளலாம்.

பொட்டாசியம்_பக்கம்:

டிஇ-டிஎம் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கற்றுக்கொள்ளும் ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு தவறுதான் கண்ணில் பட வேண்டும். பொட்டாசியம் செய்து ப்ரிஸம் அமைப்பைச் சரிபார்த்த பிறகு வெள்ளிக்குப் போனால், கோடு மங்கும்போது குற்றம் கண்ணாடியிலா ப்ரிஸத்திலா என்ற சந்தேகம் வராது.

முப்பட்டகம்:

அது நியாயமான பேச்சு. ப்ரிஸம் என்று வந்ததால் சில வார்த்தை.

ப்ரிஸத்தின் ஒளிவிலகல் எண் வேவ்கைடைவிட உயர்ந்திருக்க வேண்டும். கன ஃப்ளிண்ட் கண்ணாடி, 1.7-க்கு மேல் இருந்தால் வெள்ளிக்கும் போதும். ப்ரிஸத்துக்கும் ஸ்லைடுக்கும் இடையே உள்ள காற்று இடைவெளி அரை அலைநீளத்துக்கும் கீழே வர வேண்டும். ஒரு தூசு உட்கார்ந்தால் முடிந்தது. பின்னாலிருந்து திருகை மெல்ல இறுக்கிக்கொண்டே ப்ரிஸத்தின் வழியாக அடித்தளத்தைப் பாருங்கள். முதலில் வண்ண வளையங்கள் வரும். இறுக்க இறுக்க வளையங்கள் விரிந்து, நடுவில் ஈரம் பட்ட மாதிரி ஒரு கரும்புள்ளி தெரியும். லேசர் அந்தப் புள்ளியில் விழ வேண்டும். புள்ளி வராமல் கோணத்தை எவ்வளவு சுழற்றினாலும் ஒளி உள்ளே போகாது.

திரையில் விழும் எதிரொளிப் புள்ளியை லென்ஸால் விரித்துப் பார்த்தால் கருங்கோடுகள் தெரியும், மோடுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் கோணத்திலிருந்து அந்த மோடின் பயனுறு ஒளிவிலகல் எண் கிடைக்கும். மூன்று நான்கு மோடாவது இருந்தால் ஒயிட், ஹைட்ரிச் இருவரும் 1976-ல் கொடுத்த தலைகீழ் டபிள்யூகேபி முறையால் ஆழத்துக்கு ஏற்ப எண் எப்படி இறங்குகிறது என்று வரைந்துவிடலாம். ஒற்றை மோடு வேவ்கைடு செய்யப் போகிறவரும் முதலில் வேண்டுமென்றே அதிக நேரம் வைத்துப் பல மோடு கொண்ட ஒரு துண்டு செய்துகொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். ஒற்றை மோடிலிருந்து ஓர் எண் கிடைக்கும். ஓர் எண்ணை வைத்து ஆழம், உயர்வு இரண்டையும் சொல்ல முடியாது.

இழப்பை அளக்க, கோட்டை மேலிருந்து கேமராவில் எடுத்து, பிரகாசத்தின் மடக்கையை நீளத்துக்கு எதிராக வரையுங்கள். சரிவு நேர்கோடாக வந்தால் அதுவே இழப்பு. ப்ரிஸத்துக்கு அருகில் படம் வெளுத்துப்போயிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

உப்புக்குளியல்:

நடுவில் பாதுகாப்பு. யாரும் எழுதவில்லை.

உருகிய நைட்ரேட் கடுமையான ஆக்சிஜனேற்றி. பேப்பர், துணி, கரைப்பான், மரம் எதுவும் பக்கத்தில் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் உப்பு தெறிக்கும். ஸ்லைடு, கொக்கி, கிடுக்கி எல்லாவற்றையும் குளியலுக்கு மேலேயே சில நிமிடம் சூடேற்றி இறக்குங்கள். ஈரமும் போகும், ஸ்லைடும் விரிசல் விடாது. எடுத்ததும் தண்ணீரில் போடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், அதன்பின் தண்ணீரில் வைத்தால் உப்பு தானாகக் கரையும். வெள்ளி நைட்ரேட் 440 டிகிரி பக்கம் சிதையும், அந்தத் திசைக்கே போக வேண்டாம். தோலில் பட்டால் கருப்புக் கறை நாள்கணக்கில் நிற்கும், கண்ணில் பட்டால் காயம். எல்லாம் புகை உறிஞ்சும் ஆய்வுப்பெட்டிக்குள், முகக்கவசத்தோடு.

பழைய கட்டுரைகளைப் பார்த்து யாராவது தாலியம் பக்கம் போக நினைத்தால், வேண்டாம். இசாவாவும் நாககோமேயும் 1972-ல் இந்த முறையை முதன்முதலில் காட்டியது தாலியத்தில்தான், மறுவருடம் ஜியாலோரென்ஸி குழு வெள்ளியில் செய்தது. தாலியம் அருமையான வேவ்கைடு தரும், இழப்பு குறைவு, நிறமும் வராது. ஆனால் அதன் உப்புகள் கொடிய நஞ்சு, தோல் வழியாகவும் உள்ளே போகும்.

சோடியம்23:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புற ஊதா விளக்கு கிடைத்தது. உப்புக்குளியல் அண்ணா சொன்னபடியே ஒரு பக்கம் பால் மாதிரி வெளிறி ஒளிர்கிறது, மறுபக்கம் இருட்டு. பழைய ஸ்லைடுகளை எடுத்து, எஞ்சிய ஒளிர்வை வைத்துப் பக்கம் பிரித்தேன். மங்கின கோடுகள் எல்லாம் வெள்ளீயப் பக்கம். பாதி நீளம் ஓடிய அந்த ஒன்று மட்டும் மறுபக்கம். மூன்று வாரம் ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை எப்படிக் கையில் எடுத்தேனோ அப்படியே வைத்திருக்கிறேன்.

முதலில் பொட்டாசியம் ஒன்று, பிறகு நீர்த்த வெள்ளி ஒன்று செய்யப் போகிறேன். அடுத்த கட்டத்தில் கால்வாய் வேவ்கைடு (ஒளியை ஒரு மெல்லிய கோட்டுக்குள் நடத்துவது) தேவைப்படும். எங்கள் கூடத்தில் அலுமினியம் பூச வசதி இருக்கிறது. அலுமினியம் மாஸ்க் (திறப்பு விட்ட இடத்தில் மட்டும் அயனியை உள்ளே விடும் மறைப்புப் படலம்) போதுமா?

அலைமுகம்:

பொட்டாசியத்துக்குப் போதும். வெள்ளிக்கு வேண்டாம். முப்பட்டகம் ஐயாவின் அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: எலக்ட்ரான் யார் கொடுப்பார்கள்? அலுமினியம் அள்ளிக் கொடுக்கும். மாஸ்க்கின் திறப்பு ஓரத்தில், சரியாக உங்கள் வேவ்கைடின் விளிம்பில், வெள்ளி உலோகமாகப் படியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் திறப்பின் இரண்டு பக்கமும் மை தீட்டின மாதிரி கரும் ஓரம். ஒளி போகும் பாதையே அதுதான். டைட்டானியம் மாஸ்க் நன்றாக நிற்கும். டைட்டானியம் கிடைக்காவிட்டால் அலுமினியத்தின் மேற்பரப்பை மின்வேதி முறையில் ஆக்சைடாக்கிவிட்டு முயலலாம்.

அயனி கீழ்நோக்கி மட்டும் போகாது, மாஸ்க்குக்கு அடியில் பக்கவாட்டிலும் பரவும். 3 மைக்ரான் திறப்பு வைத்தால் வேவ்கைடு அதைவிட அகலமாக, குறுக்குவெட்டில் அரைநிலா மாதிரி வரும். சாதாரண ஒற்றை மோடு ஃபைபரின் மோடு 1550-ல் சுமார் 10 மைக்ரான் அகலமான வட்டம். அரைநிலாவையும் வட்டத்தையும் முட்டுக்கு முட்டு வைத்தால் இணைப்பிலேயே பாதி ஒளியை இழக்க நேரிடலாம். அதற்குத்தான் இரண்டாம் கட்டமாக வேவ்கைடைக் கண்ணாடிக்குள் புதைப்பது: மாஸ்க்கை எடுத்துவிட்டு, இரண்டு முகத்திலும் சோடியம் நைட்ரேட் வைத்து, வேவ்கைடு பக்கம் நேர்மின்முனையாக, ஒரு மில்லிமீட்டருக்கு நூறு இருநூறு வோல்ட். வெள்ளி கீழே இறங்கும், காலியான மேற்பரப்பைச் சோடியம் நிரப்பும். அரைநிலா உருண்டு வட்டத்துக்கு அருகில் வரும், மேற்பரப்பின் கீறலும் தூசும் ஒளியைத் தொடாது. ஒரு சென்டிமீட்டருக்கு 0.1 டெசிபெல்லுக்கும் குறைந்த இழப்பு இப்படித்தான் கிடைக்கிறது.

உப்புக்குளியல்:

புதைக்கும் கட்டத்தில் என்னைப் பல தடவை தோற்கடித்தது வோல்டேஜ் அல்ல, உப்பு ஊர்வது. உருகிய நைட்ரேட் கண்ணாடியை நன்றாக நனைக்கும். விளிம்பில் ஏறி மறுபக்கம் வழிந்து, மேல் உப்பையும் கீழ் உப்பையும் ஒன்றாக்கிவிடும். மின்னோட்டம் கண்ணாடி வழியே போகாமல் விளிம்பு வழியே போகும். மீட்டர் அழகாக மின்னோட்டம் காட்டும், வேவ்கைடு இருந்த இடத்திலேயே இருக்கும். உப்பைக் கண்ணாடியின் நடுவில் மட்டும் நிறுத்தி, விளிம்பில் அகலமாக உலர்ந்த ஓரம் விடுங்கள். மின்னோட்டத்துக்கு வரம்பும் வையுங்கள். கண்ணாடி சூடானால் மின்தடை குறையும், குறைந்தால் மின்னோட்டம் ஏறும், ஏறினால் இன்னும் சூடாகும்.

சோடியம்23:

முடிவுகளோடு வந்திருக்கிறேன்.

பொட்டாசியம், 385 டிகிரி, 4 மணி நேரம்: டிஇ-யில் இரண்டு கருங்கோடு, டிஎம்-மிலும் இரண்டு, ஆனால் இடம் தள்ளி. கோடு ஸ்லைடு முழுக்க ஓடியது. ப்ரிஸம் அமைப்பு சரி என்று உறுதியானது.

வெள்ளி, 100 கிராமுக்கு 2 கிராம், 325 டிகிரி, 30 நிமிடம், குவார்ட்ஸ் கொக்கி. வெள்ளீயப் பக்கம் மெல்லிய மஞ்சள் இருக்கிறது. மறுபக்கத்தில் ப்ரிஸம் வைத்தேன். கரும்புள்ளி வரும் வரை திருகை இறுக்கினேன், அதற்கே இரண்டு தடவை பிரித்துத் தூசு துடைக்க வேண்டியிருந்தது. மூன்று கருங்கோடுகள். முதல் கோட்டின் கோணத்தில் நிறுத்தியதும் சிவப்புக் கோடு ஸ்லைடின் கடைசி வரை போய், விளிம்பில் ஒரு புள்ளியாக எரிந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும். வெள்ளீயப் பக்க மஞ்சளைத் தேய்த்து எடுக்க வேண்டுமா?

முப்பட்டகம்:

நிறைவாக இருக்கிறது தம்பி. தேய்க்க வேண்டாம். ஒளி அந்தப் பக்கம் போவதே இல்லை, நடுவில் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி இருக்கிறது. தேய்த்தால் விளிம்பு உதிரும், ஃபைபர் ஒட்ட வேண்டிய இடம் கெட்டுப்போகும். அடுத்த முறை அந்தப் பக்கத்துக்கும் டைட்டானியம் பூசிவிட்டு இறக்குங்கள்.

செய்து முடித்த துண்டுகளை மறுபடி 300 டிகிரிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உப்பு இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் வெள்ளி பரவிக்கொண்டே போகும். ஆழம் கூடும், உயர்வு குறையும், இன்று நீங்கள் அளந்த மூன்று கோணங்களும் மாறிவிடும்.

சோடியம்23:

சரி ஐயா. இரண்டு முகத்துக்கும் டைட்டானியம் பூச வேறொரு கூடத்தில் நேரம் கேட்டிருக்கிறேன். திறப்பு 3, 4, 5 மைக்ரான் என்று மூன்று அகலத்தில் மாஸ்க் வரைந்துகொண்டிருக்கிறேன். வெள்ளீயப் பக்கக் கீறல் எல்லா ஸ்லைடிலும் போட்டாகிவிட்டது.